தளபதிக்கு ஒரு மூக்கு

‘டொப்’ என்று சத்தம் கேட்ட பிறகுதான் ஏணியக்கா தண்ணீர்க் குழாயை மூடினாள். அதற்குள் தளபதி சிலையின் முகத்திலிருந்து கைமுட்டி அளவுக்கு ஏதோ ஒன்று பெயர்ந்து, சாரத்தைச் சுற்றிக் கட்டியிருந்த பச்சை வலையின் கிழிசல் வழியாகப் பறந்து, எண்பதடி கீழே நீரூற்றுத் தொட்டியில் விழுந்துவிட்டது.

கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தாள். தளபதிக்குக் கண் இருந்தது. மீசை இருந்தது. கண்ணுக்கும் மீசைக்கும் நடுவே மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு ஓட்டைகள் மட்டும் இருந்தன.

“ஐயையோ!” என்றாள். அந்த உயரத்தில் அதைக் கேட்கப் புறாக்களை விட்டால் ஆளில்லை.

நகரத்தின் நட்டநடுச் சதுக்கத்தில் நூற்றைம்பது ஆண்டுகளாக நிற்கிறது அந்த வெற்றித் தூண். எந்தப் போர், யாரோடு என்று கேட்டால் ஊரில் பாதிப் பேர் மேலே பார்ப்பார்கள், மீதிப் பேர் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். ஆனால் ‘தூணுக்குக் கீழ நில்லு, இதோ வந்துடறேன்’ என்று சொல்லாத ஆள் ஊரில் கிடையாது. தூணின் உச்சியில் வாளோடு தளபதி. அவரை யாரும் கழுவியதாக யாருக்கும் நினைவில்லை. புகை, புழுதி, புறா எச்சம் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கல்லாக இறுகியிருந்தன. முதல் நாள் மேலே ஏறியபோது எது வெண்கலம், எது எச்சம் என்று ஏணியக்காவுக்கே பிடிபடவில்லை.

தூணின் நூற்றைம்பதாம் ஆண்டு விழாவுக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. மாநகராட்சியில் இவ்வளவு உயரம் ஏறத் துணிந்தது அவள் ஒருத்திதான். ஏணியக்கா என்ற பட்டப்பெயரும் அப்படி வந்ததுதான். ஒன்பது வருஷமாகத் தற்காலிகப் பணியாளர். “தளபதியைப் பளபளன்னு ஆக்கிக் குடுங்க. விழா முடிஞ்ச மறுநாள் நிரந்தர வேலைக்கான உத்தரவு உங்க கையில இருக்கும்” என்று பொறியாளர் வாக்குக் கொடுத்திருந்தார். அவருக்கு முக்காலி மேல் ஏறினாலே தலை சுற்றும்.

ஏணியக்கா தடதடவென்று சாரத்தில் இறங்கினாள். பூட்ஸைக் கழற்றி எறிந்துவிட்டு நீரூற்றுத் தொட்டிக்குள் இறங்கித் துழாவினாள். கையில் பாசியும் சேறும்தான் வந்தன.

“என்ன தேடுறீங்க?”

பொறியாளர் குடையைப் பிடித்துக்கொண்டு கரையில் நின்றார்.

“மோ... மோதிரம் சார். விழுந்துடுச்சு.”

“அடடா! கல்யாண மோதிரமா?”

“ஆமா சார்.”

பொறியாளர் இளகிய மனசுக்காரர். உடனே போன் போட்டார். அரை மணி நேரத்தில் நான்கு பேர் வந்து தொட்டியைக் காலி செய்தார்கள். மூன்று சாவிக்கொத்து, ஒரு கரண்டி, ஒற்றைச் செருப்பு, யாரோ யார் மேலோ இருந்த கோபத்தில் வீசியெறிந்த ஒரு மோதிரம், வெள்ளையாகக் கரைந்து கிடந்த ஒரு கூடை சேறு எல்லாம் கிடைத்தன. மூக்கு கிடைக்கவில்லை.

“பார்த்தீங்களா, கிடைச்சிடுச்சு!” என்று பொறியாளரே அந்த மோதிரத்தை அவளிடம் நீட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள். போட்டுக் காட்டச் சொன்னார்கள். போட்டாள். அது விரலில் இறுகி உட்கார்ந்துகொண்டது. கழற்ற வரவில்லை.

வீட்டுக்குப் போனதும் கணவர் கண்ணில் முதலில் பட்டது அதுதான்.

“யாரு குடுத்தது?”

“மாநகராட்சிப் பொறியாளர்.”

கணவர் பல்செட் செய்பவர். முன்னறைதான் அவருடைய பட்டறை. ஜன்னல் ஓரத்தில் ஆறேழு பல்செட்டுகள் வரிசையாக இளித்துக்கொண்டிருந்தன. அவர் மட்டும் இளிக்கவில்லை.

“பொறியாளர் எதுக்கு உனக்கு மோதிரம் குடுக்கணும்?”

“தளபதி மூக்கை உடைச்சிட்டேங்க” என்றாள், அப்படியே நாற்காலியில் சரிந்து.

இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று அவருக்குப் புரியவைக்கவே கால் மணி நேரம் ஆனது. புரிந்ததும் அவர் முகத்தில் கோபம் போய்த் தொழில் ஆர்வம் வந்துவிட்டது.

“உடைஞ்ச இடம் எப்படி இருக்கு? சொரசொரன்னா?”

“வழவழன்னு இருக்கு.”

“தண்ணி வேகத்துல வழுக்கிக்கிட்டுப் போயிருக்கும்” என்று அவரே தீர்ப்புச் சொன்னார். “இங்க பாரு, பல்லுன்னாலும் மூக்குன்னாலும் எனக்கு ஒண்ணுதான். அச்சு எடுக்க ஒரு நல்ல மூக்கு வேணும், அவ்வளவுதான். என் மூக்கு தளபதிக்கு ஆகாது. உன் மூக்கு கோபம் வந்தாத்தான் எடுப்பாத் தெரியுது.”

இருவரும் ஒரே நேரத்தில் சோபா பக்கம் திரும்பினார்கள்.

சோபாவில் ஏணியக்காவின் தம்பி படுத்திருந்தான். இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்தவன். வந்து ஐந்து மாதமாகிறது. வேலை தேடிக்கொண்டிருப்பதாகச் சொல்வான். வேலைதான் அவனைத் தேடி சோபாவுக்கு வர வேண்டும் போலிருந்தது. ஆனால் மூக்கு மட்டும், சொல்லக் கூடாது, செதுக்கி வைத்தது போல இருக்கும்.

“இந்த அஞ்சு மாசத்துல இவனால ஆகப்போற முதல் உபயோகம்” என்றார் கணவர். “மச்சான், கொஞ்சம் எழுந்து உட்காரு.”

“எதுக்கு மாமா?”

“நாட்டுக்காக.”

தம்பியின் மூக்கை நீளம், அகலம், உயரம் என்று அளவெடுத்து மூன்றால் பெருக்கினார். பல்லுக்கு அச்செடுக்கும் வெள்ளை மாவைக் குழைத்து வடித்தார். காய்ந்ததும் கறுப்பு ஷூ பாலிஷைத் தடவித் துணியால் தேய்த்தார். அசல் வெண்கலம் தோற்றது. மறுநாள் விடியற்காலையில், சதுக்கம் விழித்துக்கொள்ளும் முன்பே, பல்செட் ஒட்டும் பசையோடு ஏணியக்கா மேலே ஏறினாள். தளபதிக்கு மூக்கு உட்கார்ந்தது. கீழே இறங்கிக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். தளபதி மூக்கும் முழியுமாக, இன்னும் பத்து ஊரைப் பிடிக்கத் தயார் என்பது போல நின்றார்.

அந்த நிம்மதி மூன்று நாள் நீடித்தது.

நான்காம் நாள் வெயில் கொளுத்தியது. பத்திரிகைக்காரர் ஒருவர் நீளமான லென்ஸோடு வந்து எதிர்க் கட்டட மாடியில் நின்று படமெடுத்தார். மறுநாள் முதல் பக்கத்தில் தளபதியின் முகம் பெரிதாக வந்தது. ஷூ பாலிஷ் உருகி, மூக்கு நுனியிலிருந்து இரண்டு கோடாக மீசை வரைக்கும் வழிந்திருந்தது. ‘தளபதிக்குச் சளியா?’ என்று தலைப்புப் போட்டிருந்தார்கள்.

பொறியாளர் பத்திரிகையும் கையுமாக ஓடி வந்தார். கூடவே மேயர். மேயரோடு ஒரு வரலாற்றுப் பேராசிரியர். தளபதியைப் பற்றி எண்ணூறு பக்கத்துக்குப் புத்தகம் எழுதியவர்.

“மழையே இல்லை. மூக்கு மட்டும் எப்படி ஒழுகும்?” என்றார் மேயர்.

“அதை விடுங்க” என்றார் பேராசிரியர். “இது அவர் மூக்கே இல்லை. தளபதிக்கு இருந்தது கழுகு மூக்கு. நடுவுல புடைச்சு, நுனியில வளைஞ்சு, வெள்ளையா மின்னும். அந்த மூக்கைப் பார்த்தே எதிரிப்படையில பாதிப் பேர் ஓடிட்டாங்க. என் புத்தகத்துல ஏழாவது அத்தியாயம் முழுக்க மூக்குதான்.”

“நீங்க எங்க பார்த்தீங்க சார்?” என்று கேட்டாள் ஏணியக்கா.

“இதே இடத்துல நின்னு, முப்பது வருஷமா, பைனாகுலர் வச்சுப் பார்த்திருக்கேன். வருஷா வருஷம் அந்த மூக்கோட கம்பீரம் கூடிக்கிட்டே வந்துச்சு.”

“பழைய படம் ஏதாவது இருக்கா?” என்றார் மேயர்.

“ஒரே ஒரு ஓவியம் இருக்கு. அதுல தளபதி எதிரியைப் பார்த்துக்கிட்டு நிக்கிறார்.”

“நல்லதாப் போச்சு!”

“நமக்கு முதுகுதான் தெரியும்.”

எல்லோரும் பொறியாளரைப் பார்த்தார்கள். பொறியாளர், “இது உலோக நோய் சார். உள்ளுக்குள்ள அரிச்சு, அதோட உருவமே மாறியிருக்கு” என்றார். பெயர் வைத்துவிட்டால் எந்தத் தப்பும் யாருடைய தப்பும் இல்லை என்பது அவருடைய பல வருஷ அனுபவம். உடனே மூவரும் கூடிப் பேசினார்கள். அரித்துப்போன மூக்கைப் பத்திரமாக எடுத்து அருங்காட்சியகத்தில் வைப்பது, விழாவுக்குள் வார்ப்படக்காரரிடம் சொல்லிப் புதிதாக வெண்கலத்தில் வார்த்துப் பொருத்துவது என்று முடிவானது.

“நூத்தம்பது வருஷ மூக்கு. ரொம்பப் பக்குவமா எடுக்கணும்” என்று பொறியாளர் உளி, சுத்தியல், அரம் அடங்கிய பெட்டியை ஏணியக்காவின் கையில் கொடுத்தார்.

மேலே போய், இரண்டு விரலால் மூக்கைப் பிடித்தாள். கையோடு வந்துவிட்டது. உடனே இறங்கினால் சந்தேகம் வருமே என்று இரண்டு மணி நேரம் தளபதியின் காலடியில் உட்கார்ந்து, சுத்தியலால் பலகையைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

கீழே பேராசிரியர் வெல்வெட் துணியை விரித்து மூக்கை வாங்கிக்கொண்டார். கண் கலங்கியது. கையில் ஏந்திப் பார்த்தார்.

“எடை குறைவா இருக்கே?”

“அந்தக் காலத்து வெண்கலம் சார்” என்றாள்.

“உள்ளே வெள்ளையா இருக்கே?”

“உள்பூச்சு சார்.”

“என்ன நுட்பம்! இப்ப யாருக்கு வரும் இந்தக் கைத்திறன்?” என்று பேராசிரியர் தலையாட்டினார். இதை வீட்டில் சொன்னபோது கணவர் இரண்டு நாள் தரையில் கால் பாவாமல் நடந்தார்.

இதோடு முடிந்திருந்தால் ஏணியக்கா பிழைத்திருப்பாள். ஆனால் தம்பி முடியவிடவில்லை.

அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள், விளக்கு வெளிச்சத்தில், தன் மூக்கு இருக்கிறது என்று தெரிந்ததிலிருந்து அவனுக்கு சோபாவில் இருப்புக் கொள்ளவில்லை. தினமும் குளித்து, தலை வாரி, அங்கே போய்விடுவான். பெட்டிக்குப் பக்கத்தில் பக்கவாட்டில் திரும்பி நின்று, பார்க்க வருகிறவர்களின் முகத்தைப் பார்ப்பான். இரண்டு நாள் யாரும் கவனிக்கவில்லை. மூன்றாம் நாள் பேராசிரியர் கவனித்துவிட்டார்.

அன்று சாயங்காலம் தம்பி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குள் வந்தான்.

“அக்கா, நான் தளபதியோட வாரிசாம்.”

ஏணியக்காவின் கையிலிருந்த டம்ளர் கீழே விழுந்தது.

“என்னடா சொல்றே?”

“பேராசிரியர் ஸ்கேல் வச்சு அளந்துட்டார். அந்த மூக்கு என் மூக்கைப் போல சரியா மூணு மடங்காம். இவ்வளவு துல்லியமான ஒற்றுமை ரத்த சம்பந்தம் இல்லாம வரவே வராதாம். கழுகு மூக்குங்கிறது தூரத்துல இருந்து பார்த்ததால வந்த பிழைன்னு ஏழாவது அத்தியாயத்தையே திருத்தி எழுதப் போறார்.”

“நீ என்ன சொன்னே?”

“வீட்டுல அரசல்புரசலாப் பேசிக்குவாங்கன்னு சொன்னேன்.”

“அவன் வாரிசுன்னா நீயும் வாரிசுதானே?” என்றார் கணவர் யோசனையாக.

“நீங்க சும்மா இருங்க!” என்றாள். அவளுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

அடுத்த நான்கு நாளும் அவள் கையில் எதுவுமே இல்லை. வாரிசே கிடைத்துவிட்ட பிறகு வேறு மூக்கைத் தேடுவானேன் என்று வார்ப்படக்காரர் தம்பியை உட்காரவைத்து அச்செடுத்தார். புது வெண்கல மூக்கு வந்தது. பழசுக்கும் அதற்கும் மயிரிழை வித்தியாசம் இல்லை. அதை மேலே கொண்டுபோய்த் திருகாணி போட்டு முடுக்கியதும் அவள்தான். தளபதி மறுபடியும் தம்பியைப் போலவே அவளை ஏற இறங்கப் பார்த்தார். இதற்கிடையில் பொறியாளர் அவளைத் தனியாக அழைத்தார்.

“தப்பா நினைச்சுக்காதீங்க. நிரந்தர வேலை ஒரு இடம்தான் காலியா இருக்கு. மேயர் அதை வாரிசுக்குக் குடுக்கிறதா மேடையில அறிவிக்கப் போறார். தூண் பராமரிப்பு மேற்பார்வையாளர். நீங்க அவருக்குக் கீழ வேலை பார்ப்பீங்க.”

ஒன்பது வருஷம் வெயிலிலும் மழையிலும் அவள் ஏறியதற்கு ஒரு மூக்கு பதில் சொல்லிவிட்டது.

வீட்டுக்கு வந்து, “எல்லாத்தையும் சொல்லிடப் போறேன்” என்றாள்.

“சொன்னா வேலை மட்டுமா போகும்?” என்றார் கணவர். “அருங்காட்சியகத்துல பல்செட் மாவை வச்சதுக்கு நானும் சேர்ந்துல்ல மாட்டுவேன்? பொறுமையா இரு. விழா முடியட்டும்.”

“அக்கா, நான் உனக்கு லீவு தாராளமாத் தருவேன்” என்று சோபாவிலிருந்து குரல் வந்தது.

விழாவுக்கு முந்தின நாள் புதிதாக ஓர் இடி விழுந்தது. பத்திரிகையில் மூக்குச் சமாசாரத்தைப் படித்துவிட்டு, தூரத்து ஊரிலிருந்து தளபதியின் சொந்தக் கொள்ளுப்பேத்தி புறப்பட்டு வருகிறார் என்று தந்தி அடிக்காத குறையாகப் பேராசிரியர் ஊரெல்லாம் சொல்லிவிட்டார். வயது எண்பத்தாறாம். குடும்பத்தில் மிச்சமிருப்பது அவர் ஒருவர்தானாம்.

“போச்சு” என்றாள் ஏணியக்கா. “தம்பியை ஒரு பார்வை பார்த்தா, யாருடா நீன்னு கேட்டுடுவாங்க.”

“அவங்க மூக்கு எப்படியிருக்கோ?” என்றார் கணவர் கவலையாக.

சின்ன மூக்கு. மறுநாள் அந்த வயதான அம்மாள் காரிலிருந்து இறங்கியதும் ஏணியக்கா முதலில் பார்த்தது அதைத்தான். பொத்தான் போல, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி ஒரு மூக்கு. அதன் மேல் கண்ணாடி நிற்பதே பெரிய விஷயமாக இருந்தது.

சதுக்கத்தில் கால் வைக்க இடமில்லை. சாரத்தைப் பிரித்துவிட்டார்கள். மேடையில் மேயர், பேராசிரியர், பொறியாளர், புதுச் சட்டையில் தம்பி. அந்த அம்மாளின் சட்டைக் காலரில் ஒரு குட்டி மைக்கைச் செருகினார்கள். அவர் மேடைப் பக்கமே திரும்பவில்லை. கைத்தடியை மேலே நீட்டினார்.

“நான் முதல்ல அவரைப் பார்க்கணும். கிட்டத்துல. இத்தனை வயசுக்கு அப்புறம் கீழ நின்னு அண்ணாந்து பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தேன்?”

சுற்றியிருந்தவர்கள் என்ன சொல்லியும் கேட்கவில்லை. மலர்வளையம் வைப்பதற்காக நிறுத்தியிருந்த கிரேனில், ஆள் நிற்கும் கூடைக்குள் தானாகவே போய் நின்றுகொண்டார். “கூட யாராவது போங்க!” என்று மேயர் கத்தினார். பொறியாளர் கண்ணை மூடிக்கொண்டார். வேறு யாரைக் கூப்பிடுவது? ஏணியக்கா ஏறினாள்.

கூடை ஆடி ஆடி மேலே போனது. இருபதடியில் அந்த அம்மாளின் கை அவள் கையைப் பற்றியது. சுருக்கம் விழுந்த, சூடான கை.

“பயமா இருக்காம்மா?” என்றாள் ஏணியக்கா.

“பயம் இல்லை. சின்ன வயசுல இருந்து எங்க அப்பா சொல்லிச் சொல்லிக் கேட்ட முகம். நேர்ல பார்க்கப் போறேன்ல, அதான் படபடப்பு. நீதான் இவரைக் கழுவினியா?”

“ஆமாம்மா.”

“நல்லா இரு.”

அந்த இரண்டு வார்த்தை அவளை உடைத்துவிட்டது. பன்னிரண்டு நாளாக யாரும் அவளிடம் அப்படிச் சொல்லவில்லை. அறுபதடி தாண்டும்போது அவளுக்குக் கண்ணீர் முட்டியது. எண்பதடியில் கூடை நின்றது. எதிரே, கை நீட்டினால் தொடும் தூரத்தில், தம்பியின் மூக்கோடு தளபதி.

அந்த அம்மாள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். நெற்றி சுருங்கியது. ஏணியக்காவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

“அம்மா, என்னை மன்னிச்சிடுங்க. இது உங்க கொள்ளுத்தாத்தா மூக்கு இல்லை. அவர் மூக்கை நான் உடைச்சிட்டேன். தண்ணி பீச்சும்போது பிச்சுக்கிட்டுப் போயிடுச்சு. பயந்துட்டு, என் வீட்டுக்காரர் பல்செட் மாவுல ஒண்ணு செஞ்சு குடுத்தார். அருங்காட்சியகத்துல இருக்கிறது அதுதான். அதை மேல கொண்டுவந்து ஒட்டினது நான். மேடையில உட்கார்ந்திருக்கிறானே, அவன் வாரிசும் இல்லை ஒண்ணும் இல்லை, என் கூடப் பிறந்தவன், சோபாவை விட்டு எழுந்திருக்காத பய. மூக்கு மட்டும்தான் அவனோடது. என்ன தண்டனை வேணா குடுங்க, இந்தப் பாவத்தை இனிமே என்னால சுமக்க முடியாது!”

தன் குரலே ஒரு நொடி தள்ளி, கட்டடங்களில் மோதித் திரும்பி வருவது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கீழே குனிந்து பார்த்தாள். சதுக்கம் முழுவதும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. ஒலிபெருக்கிகள் இரைந்துகொண்டிருந்தன. அந்த அம்மாளின் காலரில் மைக்கின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பேராசிரியர் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தார். தம்பி தன் மூக்கைக் கையால் மறைத்துக்கொண்டிருந்தான். கூட்டத்தின் ஓரத்தில் அவள் கணவர் மெல்லப் பின்வாங்கிக்கொண்டிருந்தார்.

அந்த அம்மாள் தளபதியை விட்டுத் திரும்பி, ஒன்றுமே விளங்காதவராக ஏணியக்காவைப் பார்த்தார்.

“நீ எதைம்மா உடைச்சே? எங்க கொள்ளுத்தாத்தா மூக்கைத்தான் அந்தச் சண்டையில முதல் நாளே வெட்டிட்டாங்களே! மூக்கு போயும் முதுகு காட்டாம நின்னு ஜெயிச்சார்னுதானே இந்தத் தூணையே கட்டினாங்க!”